'கேஷ்' வந்தது 'காசி'லிருந்தா? வருஷப் பிறப்புக்குள் பதில் தேவை

ரோஸ்ஹில்_மிஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் தீவின் பேச்சு மொழியான கிரியோல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், எங்களிடம் வந்தால்தான் தமிழ். அதனால் ஏற்கெனவே தெரிந்த சொல்லைக் காட்டி, "பார், இது உங்கள் பாட்டி வீட்டுச் சொல்" என்றால் முகம் மலர்ந்துவிடும். வருஷப் பிறப்புக்கு மண்டபச் சுவரில் மாட்ட ஒரு பெரிய அட்டை தயார் பண்ணுகிறோம். தலைப்பு "உலகத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்". கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், பந்தல் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில்: காசு, அதிலிருந்து கேஷ்.

போன வாரம் எழுத்துக்கு வண்ணம் தீட்டும்போது ஒரு பெண் குழந்தை தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அம்மா சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறவர். "மிஸ், எங்கள் மாமான் (அம்மா) உட்காருகிற இடத்துக்கு 'லா கேஸ்' என்றுதானே எழுதியிருக்கு? கேஷ் அதிலிருந்துதானே வந்திருக்கும்? நடுவில் காசு எப்படி வந்தது?" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் உடனே, "ஆனால் நாம் 'மோ பேனா காஸ்' என்றுதானே சொல்கிறோம், கையில் காசு இல்லை என்று? அது தமிழ்தான்" என்றான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து, அன்றைக்கு உயிர்மெய் எழுத்து நடக்கவே இல்லை.

நான் இரண்டு பக்கமும் தலையாட்டி அனுப்பிவிட்டேன். இப்போது சரியான பதில் வேண்டும். தயவுசெய்து வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியலை இங்கே ஒட்டாதீர்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் எங்கள் அட்டையே பிறந்தது.

பம்ப்ளமூஸ்காரன் எழுதியது:

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது மிஸ்? காசு, கேஷ். காதால் கேட்டாலே தெரிகிறதே. போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் நம் கடற்கரையில் வந்து துணியும் மிளகும் வாங்கினார்கள். என்ன கொடுத்து வாங்கினார்கள்? காசு கொடுத்து. வாங்கினவன் அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போனான். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சரும் இந்தத் தீவுக்கு வந்தாயிற்று, லபூர்தொன்னே கவர்னராக இருந்த நாளிலேயே. போர்ட் லூயியைக் கட்டினவர்கள் வாயிலிருந்துதான் கிரியோலுக்கு 'காஸ்' வந்திருக்கும். அந்தப் பையனுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள். சிவப்பு மையை அழிக்க வேண்டாம்.

பழைய_கேஷியர் எழுதியது:

தம்பி பம்ப்ளமூஸ், சாக்லேட்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் பையனையும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது எனக்குப் பிடித்த விஷயம், நீளமாகத்தான் வரும்.

நான் போர்ட் லூயியில் ஒரு வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தலை நரைத்தவன். என் முன்னால் இருந்த பலகையில் ஆங்கிலத்தில் டெல்லர், மேலாளர் பிரெஞ்சில் கூப்பிடுவது கேஸியே, என் பாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது "பேரன் பாங்கில் காசு எண்ணுகிறான்". ஆக இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரு சொல் இல்லை மிஸ், இரண்டு இருக்கிறது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, குடும்பம் வேறு. பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இரண்டையும் தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

முதலாவது, நம் பர்ஸில் இருக்கிற கேஷ். இது அந்தப் பெண்ணின் கேஷ். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்த உருண்டைப் பெட்டிக்கும் அதுதான் பெயர். அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்கு அர்த்தம் பணமே இல்லை, பணம் வைக்கிற பெட்டி. கொஞ்ச காலம் பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்ததையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி கழன்று விழுந்து உள்ளே இருந்த பணம் மட்டும் மிஞ்சியது. இது நமக்கு விசித்திரமாகவே இருக்கக் கூடாது. கடைக்காரர் "இன்றைக்குக் கல்லா நல்லா இருந்தது" என்றால் மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடித்ததையா சொல்கிறார்? அதே நகர்வுதான். சூட்கேஸில் வரும் கேஸ், மருந்துக்கடை கேப்ஸ்யூல், இவை எல்லாம் அந்த லத்தீன் பெட்டியின் வாரிசுகள். பிள்ளைகளிடம் கேப்ஸ்யூலைக் காட்டி, இது கேஷுக்குத் தங்கை என்று சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

தேதியைப் பார்த்தாலும் இதுதான் பொருந்தும். 1590களிலேயே லண்டனில் இந்தச் சொல் வழக்கத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. மசூலிப்பட்டினத்தில் கடை போட்டது 1611. சென்னையில் இடம் வாங்கியது 1639. கம்பெனிக்காரன் நம் கரையில் கால் வைக்கிறதற்கு முன்னாலேயே அவன் ஊர்க் கணக்குப்பிள்ளை கேஷ் என்று எழுதிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது கேஷ்தான் பையனுடையது. இது முழுக்க முழுக்க நம் காசு. கிழக்கு நாடுகளில் புழங்கிய சின்னச் செப்புக் காசுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். காசு என்று நம்மவர் சொன்னது போர்த்துக்கீசியர் வாயில் 'கைஷா' ஆனது. இதில்தான் வேடிக்கை. போர்த்துக்கீசிய மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி என்று அர்த்தம், அதே லத்தீன் காப்ஸாவிலிருந்து வந்த சொல். காதில் விழுந்த புதுச் சொல்லை, வீட்டில் இருந்த பழைய சொல்லின் சட்டையில் நுழைத்துவிட்டார்கள். நம் காசுக்கு 'ஷ' ஒட்டிக்கொண்டது அங்கேதான். ஆங்கிலேயர் அந்தக் கைஷாவை வாங்கி, தங்களிடம் இருந்த கேஷ் என்ற எழுத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒரு சம்பந்தமும் இல்லாத இரண்டு சொற்கள் இப்படித்தான் ஒரே மாதிரி ஆயின. ஹாப்சன்-ஜாப்சன் என்று 1886இல் வந்த ஆங்கிலோ-இந்திய அகராதியிலும் இந்தச் சின்னக் காசுக்குத் தமிழ்தான் மூலம் என்று இருக்கிறது.

என்னிடம் இதற்குச் சாட்சி இருக்கிறது. லண்டனில் இருக்கிற மைத்துனன் வாங்கி அனுப்பிய ஒரு செம்புக் காசு. 1808ஆம் ஆண்டு, பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் கம்பெனிக்காக அடித்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கம் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மறுபக்கம் மேலே பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் பத்து, அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். பத்து காசு. பாரசீகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றால், "பத்து காஸ் இரண்டு ஃபலூஸ்". ஒரே காசில் வெள்ளைக்காரன் கேஷ் என்கிறான், பாரசீகக்காரன் காஸ் என்கிறான், இரண்டு பேரும் சொல்வது நம் காசைத்தான். இதே மாதிரிக் காசுகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல் திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் வாரி வாரி எடுத்தார்கள். அதனால்தான் என்னைப் போன்ற பென்ஷன்காரனாலும் ஒன்று வாங்க முடிந்தது.

அந்தக் காலத்துச் சென்னைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் ரசிப்பார்கள். 80 காசு 1 பணம். 42 பணம் 1 நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கணக்குப்பிள்ளைகள் எப்படித்தான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தார்களோ! 1818இல் ரூபாய்க்கு மாறினபோது 12 பணம் ஒரு ரூபாய் என்று வைத்தார்கள். அந்தப் பணமும் 'ஃபனம்' என்று ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாட்ஸாப்பில் போடுவதில்லை.

கடைசியாக, மோ பேனா காஸ். இதற்குக் கப்பலேறிப் புதுச்சேரி வரை போக வேண்டாம். கிரியோல் வாயில் 'ஷ' நிற்காது. ஷெமிஸ் சிமிஸ் ஆகும், ஷாப்போ சாப்போ ஆகும், ஷேஸ் சேஸ் ஆகும். ஆங்கிலக் கேஷ் அதே வழியில் காஸ் ஆகிவிட்டது. கேட்டால் நம் காசு மாதிரியே இருக்கும், ஆனால் அது அந்தப் பெண்ணுடைய லா கேஸின் பேரப்பிள்ளை.

ரோஸ்ஹில்_மிஸ் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இப்படி ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் நானும் வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. சென்னைக்காக 200 வருஷத்துக்கு முன்னால் அடித்த பத்துக் காசை எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை. பார்த்திராத காசின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது என்றால், "சரி மிஸ், அதனால் என்ன?" என்பார்கள். இந்த இரண்டாவது கேஷ் இன்றைக்கும் எங்கேயாவது புழக்கத்தில் இருக்கிறதா? அட்டையில் வைக்க ஒரு பிடி வேண்டுமே.

இன்னொன்று. ஒரு அம்மா தொலைபேசியில், கேஷ்யூநட் என்பதும் காசிலிருந்து வந்ததா, அதன் வடிவம் பழைய காசு மாதிரி வளைந்திருக்கிறதே என்று கேட்டார்.

செந்தாந்த்ரே_அக்கா எழுதியது:

மிஸ், முந்திரிக்கும் காசுக்கும் ஒரு உறவும் இல்லை. பிரேசில் பழங்குடி மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் 'காஜு' என்று எடுத்தது அது. அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்து ரெயூனியனில் வாழ்க்கைப்பட்டவள். கேஷியர் ஐயா சொன்னதில் பிரெஞ்சுப் பக்கத்தை நான் நிரப்புகிறேன். இங்கே செந்தாந்த்ரேயில் கடைக்குப் போனால் பணம் கட்டுகிற இடம் கேஸ்தான். தக்காளிப் பெட்டியும் கேஸ்தான். ஆனால் கையில் இருக்கிற நோட்டை யாரும் கேஸ் என்று சொல்ல மாட்டார்கள். 'எஸ்பேஸ்' என்பார்கள், இல்லாவிட்டால் 'லிகீத்', அதாவது திரவம்! முதலில் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, எண்ணெய்க்கடையிலா நிற்கிறோம் என்று பார்த்தேன். இப்போது இளம் பிள்ளைகள் 'பேயே காஷ்' என்கிறார்கள், ரொக்கமாகக் கட்டு என்று. அந்தக் காஷ் ஆங்கிலத்திலிருந்து வாங்கினது. பிரெஞ்சுப் பெட்டி இங்கிலாந்துக்குப் போய்ப் பணமாக மாறி, மறுபடி பிரெஞ்சு வீட்டுக்கே விருந்தாளியாக வந்திருக்கிறது.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது, ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் அதில் விழுவார்கள். ராணுவ அதிகாரி ஒருவரைக் 'கேஷியர்' செய்தார்கள் என்று பழைய ஆங்கிலக் கதைகளில் வரும். அவரைப் பணம் எண்ண உட்கார வைத்தார்கள் என்று அர்த்தம் இல்லை, மானம் போகிற மாதிரி வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்று அர்த்தம். அது 'காஸே' என்ற பிரெஞ்சு வினை, டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. காஸே என்றால் உடைப்பது, ரத்து செய்வது. மொரீஷியஸிலும் ரெயூனியனிலும் கண்ணாடி உடைந்தால் நாம் சொல்கிறோமே, அதே காஸே. ஆக மூன்றாவதாக ஒரு குடும்பமும் உள்ளே புகுந்திருக்கிறது.

அட்டைக்கு என் யோசனை: காசை எடுத்துவிட்டு வெட்டிவேரைப் போடுங்கள். அதில் எந்தச் சண்டையும் இல்லை. வெட்டிவேர் என்ற நம் சொல் அப்படியே பிரெஞ்சில் 'வெத்திவேர்', ஆங்கிலத்திலும் அதுவே. எங்கள் தீவின் தெற்கில் காய்ச்சுகிற வெட்டிவேர் எண்ணெய் பாரிஸ் அத்தர்க்காரர்களுக்கு 'வெத்திவேர் பூர்போன்' என்ற பெயரில் போனது. ஒரு பிடி வேரை அட்டையில் நூலால் கட்டிவிட்டால் மண்டபமே மணக்கும்.

பம்ப்ளமூஸ்காரன் எழுதியது:

அக்கா, வெட்டிவேரை வையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் காசை எடுக்கச் சொல்லாதீர்கள்.

கேஷியர் ஐயா தேதி போட்டு அடித்துவிட்டார், பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. காசு என்பதே வடமொழிக் 'கர்ஷம்' என்ற எடையிலிருந்து வந்தது என்று இன்னொரு மன்றத்தில் ஒருவர் வாதாடுகிறார். அப்படியானால் கேஷும் நம்முடையது இல்லை, காசும் நம்முடையது இல்லையா? 1998இல் நம் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எவ்வளவு பேர் தெருவுக்கு வந்தோம்! அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, அடுத்த வருஷம் தமிழைப் பழைய இடத்தில் வைத்து அடித்தார்கள். நோட்டில் இடம் வாங்கினவர்கள் அகராதியில் விட்டுவிடுவோமா?

பழைய_கேஷியர் எழுதியது:

தம்பி, அந்த 1998 நோட்டுக் கட்டுகளை எண்ணி உள்ளே அனுப்பினவர்களில் நானும் ஒருவன். புது நோட்டு வாசனை கூடப் போகவில்லை. ஆனால் அங்கே நாம் கேட்டது நம் இடத்தை. கேஷ் விஷயத்தில் கேட்பது பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியை. இரண்டும் ஒன்றில்லை.

கர்ஷம் வாதம் பழையது. ஹாப்சன்-ஜாப்சனே அந்த வடமொழிச் சொல்லை இழுக்கிறது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. எங்கிருந்து வந்திருந்தாலும் காசு தமிழில் எவ்வளவு காலமாகப் புழங்குகிறது, என்னென்ன வேலை செய்திருக்கிறது என்று பார்த்தால் போதும், வேறு சொத்துப் பத்திரம் தேவையில்லை.

குறுந்தொகை 67ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அள்ளூர் நன்முல்லை பாடியது. கிளி ஒன்று தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோக்கிறதற்காகப் பொற்கொல்லன் தன் கூர்மையான நகத்தால் பிடித்திருக்கிற பொன்காசு மாதிரி இருக்கிறதாம். கொஞ்சம் நின்று பாருங்கள். நகத்துக்கும் காசுக்கும் நடுவில் நூல் முனை நுழையப்போகிறது, கொல்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாழ்நாள் முழுக்கக் காசு எண்ணினவன் நான், ஒரு காசை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அந்தக் காசு கடைக்குப் போகிற காசு இல்லை, கழுத்துக்கோ இடுப்புக்கோ போகிற காசு. இன்றைக்கும் காசுமாலை என்கிறோமே, அதன் பாட்டி.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போது "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே, கரும்பே, தேனே" என்கிறான். இந்தக் காசு பணமே இல்லை, குற்றம். குற்றமில்லாத வாசனைப் பொருளே என்று கூப்பிடுகிறான். வெண்பா எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு காசு தெரியும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும். ஆக காசில்லாமல் நகையும் இல்லை, வெண்பாவும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது சம்பந்தர் பதிகம். நம் கோவில்களில் பாடுகிறோம், ஆனால் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. "வாசி தீரவே காசு நல்குவீர்". 7ஆம் நூற்றாண்டு. ஊரில் பஞ்சம். திருவீழிமிழலையில் அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் தினம் ஒரு காசு படியாக வைக்கிறார். அப்பர் காசு நல்ல காசு, கடையில் கொடுத்த உடனே அரிசி வந்துவிடுகிறது. சம்பந்தர் காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் பிடிக்கிறார்கள், அதாவது மாற்றிக் கொடுக்கக் கழிவு கேட்கிறார்கள். அந்தக் கழிவுக்குப் பெயர்தான் வாசி. அவர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதமாகிறது. சம்பந்தர் என்ன செய்தார்? நேரே சுவாமியிடம் போய், கழிவில்லாத காசாகக் கொடு, உனக்கும் பழி இருக்காது என்று பாடிவிட்டார். அடுத்த நாளிலிருந்து நல்ல காசு. கவுண்டருக்கு வந்து "மிஸ்யே, இந்த டாலருக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறீர்கள்?" என்று என்னிடம் சண்டை போட்ட எல்லாரும் சம்பந்தரின் சீடர்கள்தான்.

அடுத்து ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள். சுவர் முழுக்க இத்தனை காசு கொடுத்தோம், இத்தனை கழஞ்சு பொன் கொடுத்தோம் என்று கணக்கு. இவ்வளவு இருக்கும்போது லண்டன் கல்லாப்பெட்டிக்கு நாம் ஏன் உரிமை கொண்டாட வேண்டும் தம்பி?

வேறு ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ஆங்கிலக் கேஷுக்கு நல்ல தமிழ் ரொக்கம் என்கிறோம். அது வடக்கேயிருந்து வந்த சொல் என்பார்கள். நம் காசு போய் உட்கார்ந்த இடம் செக். காசோலை! கேஷுக்குக் காசு இல்லை, செக்குக்குக் காசு.

மிஸ் கேட்ட பிடி. இருக்கிறது, உங்களுக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்ட் லூயி சைனா டவுனில் ராயல் ரோடு கடைகளில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செம்புக் காசைச் சிவப்புக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, கார்க் கண்ணாடியில் கூட ஆடும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'சைனீஸ் கேஷ்'. சீனர்கள் அதைச் 'சியென்' என்பார்கள், கேஷ் என்று அவர்கள் சொன்னதில்லை. நம் கரையில் காசு என்று கேட்டுப் பழகின போர்த்துக்கீசியர் கிழக்கே போனபோது, அங்கே பார்த்த செப்புக் காசுக்கும் அதே கைஷாவை மாட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்று தொடர்ந்தார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ இன்றைக்கும் நாணயம் சேர்க்கிறவர் சைனீஸ் கேஷ் என்று எழுதும்போது, எழுதுகிறது தமிழ்ச் சொல்.

ரோஸ்ஹில்_மிஸ் எழுதியது:

இதுதான் எனக்கு வேண்டியது! எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குச் சீன வழிப் பாட்டிகள் இருக்கிறார்கள். அந்த ஓட்டைக் காசு அவர்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

முடிவு செய்துவிட்டேன். சிவப்பு மை இருக்கும், வாசகம் மாறும். மேலே "காசு" என்று தமிழில். கீழே ஓட்டைக் காசை ஒட்டி, "இதற்கு ஆங்கிலத்தில் கேஷ் என்று பெயர். அந்தப் பெயர் நம்முடையது" என்று ஒரு வரி. பக்கத்தில் சின்ன அட்டைப்பெட்டியில் லா கேஸ் வரைந்து, "பர்ஸில் இருக்கும் கேஷ் இதிலிருந்து வந்தது" என்று இன்னொரு வரி. கேள்வி கேட்ட பெண்தான் அந்தப் பெட்டியை வரைவாள், அம்மாவையும் சேர்த்து வரைவதாகச் சொல்லிவிட்டாள். பையன் கட்சி ஓட்டைக் காசுக்குக் காவல். வெட்டிவேரும் உண்டு அக்கா, இங்கே சந்தையில் தேடுகிறேன். முரூம், பிப்பாங்காய், ராசோன் என்று கிரியோலுக்குப் போன முருங்கை, பீர்க்கங்காய், ரசம் மூன்றையும் கடைசி வரிசையில் சேர்க்கப்போகிறோம். அவற்றில் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேஷியர் ஐயா, அந்தப் பத்துக் காசை ஒரு நாளைக்குக் காட்ட முடியுமா? கண்ணாடிப் பெட்டி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

பம்ப்ளமூஸ்காரன் எழுதியது:

பிப்பாங்காய் சரி, ஆனால் எங்கள் வீட்டில் பிப்பாங்காயி என்பார்கள். எப்படி எழுதப்போகிறீர்கள்?

பழைய_கேஷியர் எழுதியது:

மிஸ், கொண்டு வருகிறேன். பூட்டு இருக்கிற பெட்டியாகப் பாருங்கள், சாவி என்னிடம் இருக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டால் கையில் கொடுப்பேன், ஆனால் ஈரக்கை கூடாது, செம்பு கறுத்துவிடும். இன்னொன்று, பாரசீக எழுத்து சரியாகத் தெரிய ஒரு பூதக்கண்ணாடியும் வெள்ளைக் காகிதமும் வையுங்கள், மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

தம்பி பம்ப்ளமூஸ், பிப்பாங்காயிக்குத் தனி இழை தொடங்கு. இங்கே வேண்டாம்.